போதை மிஞ்சி மயங்கியவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எப்படி: சேலம், ஏற்காடு வழிகாட்டி

இதைப் படிக்கும்போது உங்கள் பக்கத்தில் யாராவது எழுப்பியும் எழாமல் கிடந்தால், 108-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் படியுங்கள். மற்றதெல்லாம் அவரைச் சேர்த்த பிறகு படித்தால் போதும்.

சேலத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், விடுதிக் காப்பாளர்கள், வார இறுதியில் ஏற்காட்டில் காட்டேஜ் பிடிப்பவர்கள், நள்ளிரவில் போன் வந்து பதறிக் கிளம்பும் பெற்றோர் ஆகியோருக்காக எழுதியது இது. மாத்திரை, ஊசி, பொடி, ஸ்டாம்ப் (எல்எஸ்டி தடவிய காகிதம்), சாராயம், ஊமத்தை என எதுவானாலும் இந்தக் கேஸ்கள் கைமீறிப் போவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். "தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்" என்று விட்ட நேரம் ஒன்று. போலீஸுக்குப் பயந்து டாக்டரிடம் சொல்லாமல் மறைத்த விஷயம் இன்னொன்று.

1. முதல் பத்து நிமிடம்: மூச்சை எண்ணுங்கள்

தோளைத் தட்டி, பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அசையவில்லை என்றால் நெஞ்செலும்பின் மேல் விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். அதற்கும் முகம் சுளிக்காதவர் தூங்கவில்லை, மயக்கத்தில் இருக்கிறார்.

அடுத்து, போனில் டைமர் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும். பத்துக்குக் கீழே போனால் அவசரம். உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்திருந்தாலும், தொண்டையில் களகளவென்று குறட்டை மாதிரி சத்தம் வந்தாலும் அவசரம்தான். அந்தக் குறட்டையை ஆழ்ந்த தூக்கம் என்று நினைத்துப் போர்வை போர்த்திவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். நாக்கு பின்னால் விழுந்து மூச்சுக்குழாய் பாதி அடைபட்டிருக்கும்போதுதான் அப்படிச் சத்தம் வரும்.

மூச்சு வருகிறது, ஆனால் மயக்கம் தெளியவில்லை என்றால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே உள்ள முழங்காலை மடித்துத் தரையில் ஊன்றுங்கள், மேல் கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுங்கள், தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து வாயைத் தரையைப் பார்த்தபடி வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே ஓடிவிடும். மல்லாக்கப் படுத்திருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். ஒருவர் பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூச்சே இல்லை, அல்லது தரையில் விழுந்த மீன் மாதிரி எப்போதாவது ஒருமுறை வாய் திறந்து மூடுகிறது என்றால் மார்பின் நடுவே இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மாரடைப்பில் ஊதாவிட்டாலும் பரவாயில்லை என்பார்கள். போதை மாத்திரையில் முதலில் நிற்பது மூச்சுதான் என்பதால் இங்கே ஊதுவது முக்கியம்.

செய்யக் கூடாதவை: உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு, கடுங்காபி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தலையில் குளிர்ந்த நீர் ஊற்றாதீர்கள். குடித்த உடம்பு வெப்பத்தைத் தக்கவைக்காது, அதிலும் ஏற்காட்டு இரவில் நனைந்த உடம்பு சீக்கிரம் விறைத்துப்போகும்.

இதற்கு நேர்மாறான கேஸும் உண்டு. ஆள் மயங்காமல் கத்திக்கொண்டு, கண்பாவை விரிந்து, வியர்த்துக் கொட்டி, தொட்டால் கொதிக்கும். ஐஸ் (மெத்தாம்ஃபெட்டமைன்), எம்டி (எம்டிஎம்ஏ) மாதிரியான பொருட்களில் இப்படி ஆகும். நான்கு பேர் மேலே உட்கார்ந்து அமுக்கிப் பிடிப்பது இங்கே பெரிய ஆபத்து. திமிறத் திமிற உடம்புச் சூடு ஏறும், இதயம் தாளாது. வெளிச்சத்தைக் குறையுங்கள், கூட்டத்தைக் கலையுங்கள், சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். நான்கைந்து லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைக்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். எம்டி எடுத்தவருக்கு அதனாலேயே ரத்தத்தில் சோடியம் இறங்கி ஃபிட்ஸ் வரலாம்.

வைட்னர், பஞ்சர் சொல்யூஷன் முகர்ந்த பையனைக் கண்டால் துரத்தவோ அதட்டவோ வேண்டாம். அந்தப் பதற்றத்திலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோவதுண்டு.

2. 108-க்கு என்ன சொல்வது

"சீக்கிரம் வாங்க சார்" என்பதில் ஒரு தகவலும் இல்லை. இப்படிச் சொல்லுங்கள்: "பையனுக்கு 20 வயசு. கூப்பிட்டா முழிக்கல. மூச்சு நிமிஷத்துக்கு ஏழுதான் வருது. மாத்திரை போட்டிருக்கான், கூட சரக்கும் குடிச்சிருக்கான். ஏற்காட்டுல நாகலூர் ரோடு, இன்ன எஸ்டேட் கேட்டுக்கு எதிர்ல." வயது, நினைவு, மூச்சு, பொருள், இடம். இந்த ஐந்தும் போதும்.

எஸ்டேட் காட்டேஜ்களில் இடம் சொல்வதுதான் சிக்கல். புக்கிங் ஆப்பில் இருக்கும் பெயர் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. எஸ்டேட் பெயரையோ பக்கத்துக் கோயிலையோ கடையையோ சொல்லுங்கள். காவலாளியிடம் போனைக் கொடுத்து வழி சொல்லச் சொல்வது இன்னும் நல்லது. ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். மலையில் தங்கப் போகிறவர்கள், வந்திறங்கிய பகலிலேயே எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது.

108 வண்டிக்குக் கட்டணம் கிடையாது. உள்ளே ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற டெக்னீஷியனும் உண்டு. உங்கள் காரில் வேகம் இருக்கலாம், இவை இரண்டும் இருக்காது.

3. மலையிலிருந்து இறக்குவது

ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கி.மீ. அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு குறைந்தவரை அப்படியே இறக்குவது தவறு. முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனை. அங்கே மூச்சுக்கு வழி செய்து, ஆக்சிஜன் வைத்து, சர்க்கரை பார்த்து, ஊசிக்கு லைன் போட்டு, பரிந்துரைச் சீட்டோடு 108-லேயே கீழே அனுப்புவார்கள். அங்கே போகும் நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

வண்டி வர முடியாத நிலையில் காரில் இறக்குகிறீர்கள் என்றால் பின்சீட்டில் இடப்பக்கமாக ஒருக்களித்து, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வளைவில் உருளும் உடம்பு சட்டென்று மல்லாந்துவிடும்.

பைக்கில் நடுவில் உட்கார வைத்து முன்னும் பின்னுமாக இரண்டு பேர் அணைத்துக்கொண்டு போவதைத் தவிர்த்தே ஆக வேண்டும். தலை முன்னால் தொங்கும்போது தாடை மார்பில் இடித்து மூச்சுக்குழாய் மடங்குகிறது. வழியில் நின்றுபோன மூச்சு, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதுதான் தெரியவரும்.

மழைக்காலத்தில் அடிவாரம் பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழிதான். அது அயோத்தியாப்பட்டணம் பக்கம் வந்து சேரும் சுற்றுப்பாதை. கோடை விழா நாட்களில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று மாற்றுவதுண்டு. எந்தப் பாதை என்பதை 108 ஓட்டுநரிடமே விட்டுவிடுங்கள்.

4. சரியான வாசலுக்குப் போவது

புதிதாக வந்தவர்கள் மாட்டும் இடம் இது. மேப்பில் "மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி" என்று அடித்தால் இரும்பாலை ரோட்டில் உள்ள கல்லூரி வளாகம் வந்து நிற்கும். அங்கே வகுப்பறைதான் உண்டு. நோயாளியைச் சேர்க்கும் மருத்துவமனை நகரத்துக்குள், கலெக்டர் அலுவலகம், பழைய பஸ் நிலையம் பக்கம் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் "பெரியாஸ்பத்திரி, எமர்ஜென்சி" என்றால் போதும். புதிய பஸ் நிலையம் வேறு திசை.

விஷ சிகிச்சையும் தமிழ்நாடு அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் ஒரு பிரிவு. உள்ளே வந்ததும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பார்கள். சிவப்பு என்றால் அந்த நிமிடமே கவனிப்பு. மயங்கியவருக்காக நீங்கள் ஓபி வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஒருவர் நோயாளியோடு உள்ளே போங்கள், மற்றவர் பதிவு மேசைக்குப் போங்கள்.

தனியார் மருத்துவமனைதான் பக்கத்தில் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவமனையும், போலீஸ் கேஸ் என்று சொல்லி, மறுக்கக் கூடாது என்பது 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வென்டிலேட்டர் வசதியில்லாத சின்ன கிளினிக்கில் டிரிப் ஏற்றிக்கொண்டு விடியும்வரை காத்திருக்க மட்டும் வேண்டாம்.

5. டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும்

"ஏம்ப்பா, என்ன போட்டான்?" என்று டியூட்டி டாக்டர் கேட்பார். "தெரியல சார், சாப்பாடு ஒத்துக்கல போல" என்று நண்பர்கள் தலையைக் குனிவார்கள். இந்த ஒரு பொய்யால் ஃபுட் பாய்சன் பாதையில் அரை மணி நேரம் போய்விடும்.

நான்கு கேள்விக்குப் பதில் வைத்திருங்கள். என்ன, எவ்வளவு, எப்போது, எந்த வழியில். எந்த வழி என்றால் விழுங்கியதா, புகைத்ததா, மூக்கில் இழுத்ததா, ஊசியா. கூடவே சாராயம் உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறாரா, ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை உண்டா. ஊமத்தங்காயோ மலையில் வேலியோரம் தொங்கும் எக்காளப் பூவோ காளானோ தின்றிருந்தால் இலை, பூ, காய், மிச்சம் எது கிடைத்தாலும் தனிப் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

மாத்திரை அட்டை இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. காலி அட்டையானாலும் எடுங்கள். எத்தனை குழி உடைந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பெயருக்குப் பின்னால் ஈஆர், எஸ்ஆர் என்று இருக்கிறதா பாருங்கள். மருந்து மெல்ல மெல்ல வெளிவரும் மாத்திரை அது. டேப்பன்டடால் என்ற வலி மாத்திரையில் அந்த எழுத்து இருந்தால் கண்காணிப்பு நேரமே கூடும். டிரமடால் என்ற வலி மருந்தோடு பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரையும் உண்டு. அது தெரியாமல் போனால் கல்லீரல் போகும். மீதமுள்ள பொடியையோ பொட்டலத்தையோ பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அலையாதீர்கள். போட்டோ எடுத்துக் காட்டினால் டாக்டருக்குப் போதும்.

சாக வேண்டும் என்றே எடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. சொல்வதால் தண்டனை வராது. சொன்னால் மனநல மருத்துவரும் பார்ப்பார், தனியாக விட மாட்டார்கள்.

பெண்ணுக்குப் பானத்தில் கலந்து கொடுத்திருக்கலாம் என்று தோன்றினால் உடை மாற்றவோ கழுவவோ விடாமல் அப்படியே கூட்டி வாருங்கள். முதல் சிறுநீரைச் சேகரிக்கச் சொல்லிக் கேளுங்கள், நேரம் போகப் போகத் தடயம் மறையும். பாலியல் வன்முறைச் சந்தேகம் இருந்தால் தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். 181 பெண்கள் உதவி எண். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

6. உள்ளே என்ன நடக்கும்

முதலில் மூச்சுக்குழாய், ஆக்சிஜன், விரல் நுனியில் சர்க்கரை. வெறும் வயிற்றில் குடித்த இளவயதுக்காரருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வருவது சாதாரணம். குளுக்கோஸ் ஏற்றினால் அங்கேயே கண் திறப்பார். பிறகு ஈசிஜி, உடல் வெப்பம், ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், கல்லீரல் சோதனை. வெகுநேரம் ஒரே பக்கம் மயங்கிக் கிடந்தவருக்கும் ஃபிட்ஸ் வந்தவருக்கும் தசை நசிந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போனால் நர்ஸிடம் உடனே காட்டுங்கள்.

கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, மூச்சு குறைந்திருந்தால், ஹெராயின், வலி மாத்திரை வகைப் போதைக்கு மாற்று மருந்தான நாலாக்சோன் போடுவார்கள். பழகியவருக்கு 0.04 மி.கி. போலச் சிறிதாகத் தொடங்கி ஏற்றுவதும், மூச்சே நின்றிருந்தால் 0.4 முதல் 2 மி.கி. வரை கொடுத்து இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பப் போடுவதும் வழக்கம். மூச்சு ஒழுங்காக வருவதுதான் இலக்கு, துள்ளி எழுந்து உட்கார வைப்பது அல்ல. இங்கேதான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. ஊசி போட்ட ஐந்து நிமிடத்தில் பையன் எழுந்து உட்காருவான், கோபப்படுவான், லைனைப் பிடுங்கப் பார்ப்பான். "அதான் தெளிஞ்சிருச்சே, கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள். நாலாக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம்தான். மாத்திரை உடம்பில் அதைவிட அதிக நேரம் இருக்கும். மாற்று மருந்து தீர்ந்ததும் வீட்டுக் கட்டிலில் மூச்சு மறுபடி நிற்கும். அதனால்தான், எந்த அளவில் எழுந்தாரோ அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் டிரிப்பில் விடுவார்கள்.

வலி மாத்திரையில் டிரமடால் இருந்தால் ஃபிட்ஸும் சேர்ந்து வரும், அதற்கு நாலாக்சோன் போதாது. லொராசிபாம், மிடசோலாம் போன்ற, ஃபிட்ஸை அடக்கும் ஊசிகள் தேவைப்படும். கத்தித் திமிறுகிறவருக்கும் அதேதான் முதல் மருந்து. கட்டிலில் கட்டினால் ஊசி வேலை செய்யும்வரைக்கும்தான் கட்ட வேண்டும், பிறகு அவிழ்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உடம்பு 40 டிகிரி செல்சியஸ் தாண்டினால் ஐஸும் ஈரத்துணியும் ஃபேனும்தான் சிகிச்சை. இந்தச் சூட்டுக்குப் பாராசிட்டமால் கேட்காது.

"வயிறு கழுவலையா சார்?" என்று வாசலில் சண்டை போடாதீர்கள். ஊசியாலோ புகையாலோ ஏறியது வயிற்றிலேயே இல்லை. விழுங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் இரைப்பையைத் தாண்டத் தொடங்கிவிடும். மயக்கத்தில் இருப்பவருக்குக் குழாய் விட்டுக் கழுவினால் அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. விழித்திருந்து, விழுங்கி ஒரு மணிக்குள் வந்தவருக்கு 50 கிராம் கரித்தூள் கரைத்துக் கொடுப்பார்கள். அதுவும் எல்லாப் பொருளுக்கும் பயன்படாது. சாராயத்தைக் கரி பிடிக்காது.

சிறுநீரில் போதைச் சோதனை எடுக்கவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். அந்தச் சோதனைப் பட்டை டேப்பன்டடால், கெட்டமைன், ஸ்டாம்ப் போன்றவற்றைச் சாதாரணமாகக் காட்டாது. கஞ்சாவை மட்டும் போன வாரம் புகைத்திருந்தாலும் காட்டும். நல்ல டாக்டர் பட்டையைப் பார்த்து அல்ல, ஆளைப் பார்த்து வைத்தியம் செய்வார்.

கஞ்சா கலந்த சாக்லேட், உருண்டை தின்றவர்கள் ஒரு தனி ரகம். அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாது. "வேலை செய்யல" என்று இன்னொன்றைத் தின்பார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும். செத்துவிடுவோம் என்ற பயம், வாந்தி, படபடப்பு. பெரும்பாலும் அமைதியான அறையும் கண்காணிப்பும் போதும். நெஞ்சு வலித்தால் ஈசிஜி எடுக்காமல் விடக் கூடாது.

7. நன்றாக இருப்பதுபோலவே இருந்து கவிழ்க்கும் மூன்று

மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்தவர்களில் பலரைச் சேலத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். கள்ளச்சாராயத்தில் கலந்திருக்கும் மெத்தனால் குடித்த உடனே போதை மட்டும் தரும். 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணில் பனி படர்ந்த மாதிரி மங்கல். கூடவே நல்ல சரக்கும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். மறுநாள் தலைவலியோடு பார்வை மங்கினால் அதை ஹேங்ஓவர் என்று சொல்லாதீர்கள். டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஒரே பாட்டிலில் குடித்த எல்லோரையும், ஒன்றும் ஆகாதவரையும் சேர்த்து, கூட்டிப் போங்கள்.

பாராசிட்டமால். முதல் நாள் குமட்டலைத் தவிர ஒன்றும் இருக்காது, மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை. மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன். விழுங்கி 8 மணிக்குள் தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் தப்பும்.

ஊமத்தை. வாய் வறண்டு, தோல் காய்ந்து சிவந்து, இல்லாததைக் காற்றில் பிடித்து இழுப்பார். பேய் பிடித்தது என்று கோயிலுக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்ளும், டியூப் போட வேண்டிவரும். ஓரிரு நாள் வரை தெளியாது. பாதியில் அமைதியாகத் தெரிந்தாலும் மாடிப்படி, கிணறு, சாலை எதுவும் அவருக்குப் புரியாத நிலைதான். ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

8. எம்எல்சி, போலீஸ்

விஷம் தொடர்பான கேஸ் என்பதால் மருத்துவமனை அதை எம்எல்சி, அதாவது சட்டம் சம்பந்தப்பட்ட மருத்துவக் கேஸ் என்று ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிந்து போலீஸுக்குத் தகவல் அனுப்பும். தனியாரிலும் அப்படித்தான். "கேஸ் ஆகாம பாத்துக்கறோம்ணா" என்று வாசலில் நெருங்கி வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள். எம்எல்சி போடுவது மருத்துவரின் கடமை, அது குற்றப்பத்திரிகை அல்ல.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985-இன் 27-வது பிரிவில் உட்கொள்வதும் குற்றம்தான். ஹெராயின், கொக்கெய்ன் வகைக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரை அல்லது 10,000 ரூபாய் வரை, இல்லாவிட்டால் சிறையும் அபராதமும் சேர்த்து. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. போதைக்கு அடிமையானவர், உட்கொண்டதாகவோ சிறிதளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்தால், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் போதைப்பொருள் கொடுத்தவர் நிலை வேறு. சிறார் நீதிச் சட்டம் 77-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல்.

கொண்டுவந்தவர் பெயரும் ரிஜிஸ்டரில் ஏறும். இதற்குப் பயந்து நண்பனை வாசலில் இறக்கிவிட்டு ஓடுகிறவர்கள், என்ன சாப்பிட்டான் என்ற ஒரே தகவலையும் கூடவே எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நிற்க முடியாது என்றால், குறைந்தது ஒரு காகிதத்தில் பொருளையும் நேரத்தையும் எழுதி நர்ஸ் கையில் கொடுத்துவிட்டாவது போங்கள்.

9. பேப்பர்கள்

ஆதார் இல்லை என்று அவசரச் சிகிச்சை நிற்காது. ஆனால் முதல் நாளே ஆதாரில் உள்ளபடி பெயர், தகப்பனார் பெயர், வயது எழுத வைத்துவிடுங்கள். பயத்தில் பொய்ப் பெயரும் 19-க்கு 21-ம் சொன்னால், அதே தவறு ரிஜிஸ்டர், டிஸ்சார்ஜ் சம்மரி, கல்லூரிச் சான்று, காப்பீடு என்று வரிசையாக ஒட்டிக்கொள்ளும். எம்எல்சி பதிவைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

பெற்றோர் கிளம்பும்போது நோயாளியின் ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், இரண்டு நகல் எடுத்து வர வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் ஒப்புதல் கையெழுத்துக்குப் பெற்றோர் தேவை. அவர்கள் வருவதற்குள் உயிர்காக்கும் சிகிச்சை நிற்காது. சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. மனு கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

10. செலவு

பெரியாஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். உங்கள் கைக்காசு போவது அட்டெண்டர் சாப்பாடு, மாற்றுத்துணி, போக்குவரத்து ஆகியவற்றுக்கு.

தனியாரில் பில்லை ஏற்றுவது ஊசி மருந்து அல்ல, நாட்கள்தான். ஐசியு கட்டில், வென்டிலேட்டர், மானிட்டர் எல்லாம் நாள் வாடகை. டயாலிசிஸ் தடவைக் கணக்கு. சேர்த்த அன்றே மூன்று கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள்: ஐசியு ஒரு நாளைக்கு எவ்வளவு, வென்டிலேட்டர் போட்டால் எவ்வளவு கூடும், மருந்தும் சோதனையும் அதில் சேர்ந்ததா.

தனியார் மெடிக்ளைமை நம்பி அட்வான்ஸ் கட்டாதீர்கள். மது, போதைப்பொருள் பழக்கத்துக்கும் அதன் விளைவுகளுக்கும் ஆகும் சிகிச்சை, இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் 12-வது. அந்த வரியைக் காட்டித்தான் க்ளைம் திரும்பி வரும். டாக்டரிடம் சொல்லி போதை என்ற வார்த்தையை எடுத்துவிடலாம் என்று முயல்வதும் வேண்டாம். ரத்த அறிக்கையும் ரிஜிஸ்டரும் வேறு சொல்லும், மோசடி என்றாகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. இந்தச் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று மருத்துவமனையில் உள்ள திட்ட மேசையில் சேர்த்த அன்றே கேளுங்கள். உதவி எண் 1800 425 3993.

கட்டுப்படியாகாமல் அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதென்றால் வெட்கப்படாமல் முதல் நாளே மாற்றுங்கள். பரிந்துரைச் சீட்டு, ஈசிஜி, ரத்த அறிக்கைகள், நாலாக்சோன் கடைசியாகப் போட்ட நேரம், எம்எல்சி எண் கையில் இருக்க வேண்டும். வண்டியில் வென்டிலேட்டர் வேலை செய்கிறதா என்று ஏறும் முன் பாருங்கள்.

11. டிஸ்சார்ஜும் அதற்குப் பிறகும்

டாக்டர் அனுப்பும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டு இழுத்துப் போகாதீர்கள். போதை வெறும் சாராயம், கஞ்சா என்றால் சில மணி நேரத்தில் விடலாம். மெதுவாக வெளிவரும் மாத்திரை, ஊமத்தை, மெத்தனால் சந்தேகம் என்றால் ஒரு நாளாவது ஆகும். தினமும் குடிக்கிறவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். நிறுத்திய 6 முதல் 48 மணிக்குள் ஃபிட்ஸ் வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றல் வரலாம்.

ஊசி பகிர்ந்தவர்கள் அதே வளாகத்தில் நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டு எச்ஐவி, ஹெபடைடிஸ் சோதனை செய்துகொள்ளுங்கள். ஊசி பகிர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் எச்ஐவி தடுப்பு மாத்திரையை உடனே தொடங்கலாம், 28 நாள் சாப்பிட வேண்டும். ஊசி குத்திய இடம் வீங்கிச் சிவந்தால் அதையும் காட்டுங்கள். பொடித்த மாத்திரையில் உள்ள மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைக்கும்.

முதல் 24 மணி நேரம் தனி அறையில் பூட்டிக்கொள்ள விடாதீர்கள், மலைப்பாதையில் வண்டி ஓட்ட விடாதீர்கள். கொஞ்ச நாள் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. "வழக்கமா போடறதுதானே" என்று திரும்ப அதே எண்ணிக்கையைப் போடும்போதுதான் இரண்டாவது முறை மூச்சு நிற்கிறது. இதைப் பையனிடம் நேராகவே சொல்லுங்கள். ஒளித்து வைப்பதில் லாபமில்லை.

சம்மரியில் மனநலப் பிரிவுக்கு எந்தத் தேதியில் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வெளியே வாருங்கள். எழுதியிருக்காவிட்டால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இடையில் பேச ஆள் வேண்டும் என்றால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவிக்கு 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.